ஹெரால்டா, ஃபியட்டா, அம்பாசிடரா? – பழைய கார் கேள்வி பதில்

சென்ற இதழில், “சொந்தமாக வைத்து ஓட்டுவதற்கு உங்கள் மனசுக்குப் பிடித்த பழைய கார் எது?” என்று கேட்டிருந்தேன். பதில் எழுதியவர்களில் நிறைய பேர் கூடவே ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். இந்த முறை பக்கத்தை அந்தக் கேள்விகளுக்கே கொடுத்துவிட்டேன்.

வயது 31. முதன்முதலாக ஒரு பழைய கார் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். அப்பா அம்பாசிடர் என்கிறார், நண்பன் ஹெரால்டு என்கிறான். எனக்கு ஃபியட் மேல்தான் கண். எதை வாங்கலாம்? – வாசகர், திருச்சி

ஃபியட்டையே வாங்குங்கள், தம்பி. 1100 டி கிடைத்தால் ரொம்ப நல்லது. அதே கார்தான் பின்னால் பிரீமியர் பிரசிடென்ட் ஆகி, அப்புறம் பத்மினி ஆனது. 1089 சிசி என்ஜின். பானெட்டைத் திறந்தால் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், பெட்ரோல் பம்ப் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருக்கும். எது எதற்கு என்று ஒரே ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொண்டுவிடலாம். மும்பை குர்லாவில் உற்பத்தி 2000 வாக்கிலேயே நின்றுவிட்டது. ஆனால் மும்பையின் கறுப்பு-மஞ்சள் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபர் வரை ரோட்டில் இருந்தன. அத்தனை வருஷம் டாக்சியாக ஓடிய கார் என்பதால் பாகங்களும் தங்கின, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகளும் தங்கின. முதல் கார் வாங்குகிறவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு கிடையாது.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஆறு பேர், எல்லாரும் சேர்ந்து திருச்செந்தூர் போக வேண்டும் என்றால் அம்பாசிடருக்கு மாற்று இல்லை. 2014 மே வரை உத்தரப்பாராவில் தயாரான வண்டி, பாகங்களுக்குப் பஞ்சமே வராது. ஹெரால்டை இரண்டாவது காராக வைத்துக்கொள்ளுங்கள். காரணத்தை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

வாங்கப் போகும்போது என்ஜின் சத்தத்தில் மயங்கிவிட வேண்டாம். என்ஜினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து, பிஸ்டன் மாற்றித் தர எந்த ஊரிலும் லேத் பட்டறை உண்டு. பாடிதான் பணத்தைத் தின்னும். ஃபியட்டுக்கும் அம்பாசிடருக்கும் சேஸி என்கிற தனி அடிச்சட்டம் கிடையாது, பாடியேதான் சேஸி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, தரை, ஜாக்கி வைக்கும் இடம் மூன்றையும் குனிந்து, படுத்துப் பாருங்கள். சின்னக் காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போய், கதவின் அடிப்பாகத்திலும் சக்கர வளைவுகளிலும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் பிடிக்கும். பட்டி பூசி மூடிய இடத்தில் வழுக்கிக்கொண்டு போகும். கண்ணாடி, குரோம் பட்டை, விளக்கு மூடி இவை குறையாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். கியர்பாக்ஸ் தேடினால் கிடைத்துவிடும். ஒரு ஜோடி நல்ல பின்விளக்கு மூடிக்குச் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய பாகக் கடைகள் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

ஆர்சியில் இருக்கும் சேஸி நம்பரையும் என்ஜின் நம்பரையும் நீங்களே வண்டியில் துடைத்துப் படித்து ஒத்துப் பாருங்கள். ஒத்து வராத வண்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

ஹெரால்டு கார் எங்கள் ஊர்ப் பக்கம்தான் தயாரானது என்று தாத்தா சொல்வார். எதற்கெடுத்தாலும் நீங்களும் ஹெரால்டைத்தான் எழுதுகிறீர்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது? – வாசகி, ஊரப்பாக்கம்

தாத்தா சொன்னது சரி. ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் ஆலை உங்கள் வண்டலூரில்தான் இருந்தது. ஹெரால்டு அங்கே 1961-ல் தயாராக ஆரம்பித்தது. என் சித்தப்பா அங்கே அசெம்பிளியில் வேலை பார்த்தவர். நான் வைத்திருப்பது 1966-ஆம் வருஷத்து இரண்டு கதவு ஹெரால்டு, எம்.எஸ். என்று தொடங்கும் பழைய மெட்ராஸ் நம்பரோடு. அதனால் என் பதிலில் பாசம் கலந்திருக்கும். ஆனால் பாசத்துக்குக் காரணங்களும் இருக்கின்றன.

இந்தக் கார் பிறந்ததே ஒரு நெருக்கடியில். 1950-களில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் நிறுவனத்துக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்ட் லட்லோ, போட்டி நிறுவனமான பி.எம்.சி.யின் கைக்குப் போய்விட்டது. முழு பாடியையும் ஒரே துண்டாக அடித்துத் தர ஆளில்லை. என்ன செய்வது? தனியாக ஒரு சேஸி செய்து, பாடியைத் துண்டு துண்டாக அடித்து, போல்ட் போட்டுச் சேர்த்துவிட்டார்கள். வடிவம் வரைந்தவர் இத்தாலியின் டூரின் நகரத்து ஜியோவானி மிகேலோட்டி. வேறு வழியில்லாமல் செய்த அந்த ஏற்பாடு, அறுபது வருஷம் கழித்து நமக்குப் பெரிய வரமாக வந்து நிற்கிறது. பின் பக்கத் தகடு நசுங்கினால் அந்தத் துண்டை மட்டும் கழற்றி டிங்கரிடம் கொடுக்கலாம்.

பானெட்டைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் கொக்கிகளை விடுவித்துத் தூக்கினால், பானெட், மட்கார்டு, முகப்பு விளக்கு என்று காரின் முன்பகுதி முழுவதும் முன்னால் சாய்ந்துவிடும். என்ஜின், ஸ்டீரிங், முன் சஸ்பென்ஷன் எல்லாம் திறந்த வெளியில் நிற்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே பாயின்ட் துடைக்கலாம், பிளக் மாற்றலாம். வேலை செய்ய இவ்வளவு இடம் கொடுக்கிற காரை நான் வேறு பார்த்ததில்லை.

அப்புறம், திரும்பும் வட்டம். வெறும் 25 அடி. மயிலாப்பூர் மாட வீதிகளில் எதிரே தண்ணீர் லாரி வந்துவிட்டால் ஹெரால்டு நின்ற இடத்திலேயே சுழன்று திரும்பிவிடும். 948 சிசி என்ஜினுக்கு சுமார் 35 குதிரைத்திறன்தான். ஆனால் கார் லேசானது, ஸ்டீரிங் அதைவிட லேசானது. சோழவரத்தில் பழைய போர்க்கால விமான ஓடுதளத்தில் நடந்த ரேஸ்களில் உள்ளூர்ப் பையன்கள் இதே ஹெரால்டைத்தான் பிரித்து மேய்ந்து ஓட்டினார்கள். நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது. அது நம் வண்டலூர் செய்தது.

இதை ஏன் இரண்டாவது காராக வாங்கச் சொன்னேன்? இரண்டு காரணம். ஒன்று, பின்சக்கர அமைப்பு. ஸ்விங் ஆக்சில் என்பார்கள், சக்கரம் மேலும் கீழும் போகும்போது ஆக்சிலும் கூடவே ஆடும். வளைவில் வேகமாக நுழைந்துவிட்டுப் பயந்துபோய் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்பக்கமாக மடங்கப் பார்க்கும். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துக்கொண்டு, லேசாக ஆக்சிலரேட்டரை மிதித்தபடி வளைவைத் தாண்ட வேண்டும். பின்னால் வந்த கசெல் மாடலில் இதை எடுத்துவிட்டு நேரான ஆக்சில் போட்டார்கள்.

இரண்டாவது, முன்சக்கரத்தின் டிரனியன். சக்கரம் இடம் வலம் திரும்பும் செங்குத்துத் தண்டின் கீழ் முனையில் மரை வெட்டி, அதை ஒரு வெண்கலக் கட்டையில் திருகி வைத்திருப்பார்கள். ஒவ்வொரு முறை ஸ்டீரிங்கைத் திருப்பும்போதும் அந்த மரைதான் சுழல்கிறது. இதற்குப் போட வேண்டியது கிரீஸ் அல்ல, கியர் ஆயில், இ.பி. 90. கிரீஸ் அந்த மரைக்குள் கீழ்வரை இறங்காது. மழைத் தண்ணீர் மட்டும் இறங்கிவிடும். உள்ளுக்குள் துரு தின்றுகொண்டே இருந்து, ஒரு நாள் தண்டு முறிந்து சக்கரம் படுத்துவிடும். சர்வீசுக்கு விட்டால் பட்டறைப் பையன் பழக்கத்தில் கிரீஸ் கன்னைத்தான் எடுப்பான். பக்கத்திலேயே நின்று ஆயில் போடச் சொல்லுங்கள். கீழ் விளிம்பில் பழைய கறுப்பு ஆயில் கசிந்து, அப்புறம் புதிய ஆயில் தெரியும். அதுவரை விடாதீர்கள்.

எங்கட அப்பா பாவித்த 1959 மொறிஸ் மைனர் இன்னும் வளவில் நிற்கிறது. திருத்தி ஓட விருப்பம். பாகங்கள் எடுக்கலாமோ? – வாசகர், சுன்னாகம், இலங்கை

இந்தக் கடிதத்தைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன், ஐயா. தயவுசெய்து அந்தக் காரை விற்றுவிடாதீர்கள்.

மொறிஸ் மைனருக்குப் பாகம் கிடைப்பதில் உங்கள் நாடு எங்களைவிடக் கொடுத்து வைத்த நாடு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர்களைப் புதுப்பித்துக்கொண்டிருந்த சார்லஸ் வேர் என்பவர், பாடித் தகடுகளை இலங்கையிலேயே செய்வித்துத் தன் நாட்டுக்குத் தருவித்தார். மைனர் பிறந்த நாடே பாகத்துக்கு இலங்கையிடம் வந்தது. என்ஜின் 948 சிசி ஏ-சீரிஸாக இருக்கும், உலகம் முழுக்கப் பாகம் புழங்குகிற என்ஜின்.

யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த 1990-களில் ஏ-40 ஒஸ்ரின்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெட்ரோலைக் கார்புரேட்டரில் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்கம் (கம்ப்ரெஷன்) குறைந்த அந்தக் காலத்து என்ஜின்கள்தான் அதைத் தாங்கின. ஒரு சமூகமே நடக்க முடியாமல் நின்ற நேரத்தில் அதைச் சுமந்த கார்கள் அவை. உங்கள் காரும் அப்படி ஓடியதாக இருந்தால், முதலில் என்ஜின் ஆயிலை முழுவதும் வடித்து, ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். எரியாத மண்ணெண்ணெய் ஆயிலில் கலந்து பேரிங்கைத் தேய்த்திருக்கும். பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.

முன்சக்கரத்தில் இதற்கும் மரை வெட்டிய டிரனியன்தான். ஆனால் இங்கே கிரீஸ். ஹெரால்டுக்கு நேர் எதிர், குழப்பிக்கொள்ள வேண்டாம். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் 1,000 மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள். இத்தனை வருஷம் நின்ற கார் என்பதால் ரோட்டில் இறக்குவதற்கு முன் அந்த மரைகளைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். பிரேக் ரப்பர்கள் அத்தனையும் புதிது போடுங்கள்.

மே மாதத்தில் என் பத்மினி சிக்னலில் நின்றால் அணைந்துவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. மெக்கானிக் இக்னிஷன் காயில் மாற்றினார், சரியாகவில்லை. – வாசகர், சேலம்

காயிலில் குற்றம் இல்லை. பெட்ரோல் பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுகிறது. பம்ப் ஆவியை உறிஞ்சி என்ன செய்யும்? ஃபியட் டாக்சிக்காரர்கள் பம்பின் மேல் ஈரத்துணி சுற்றி ஓட்டியது இதற்காகத்தான். ரோட்டில் நின்றுவிட்டால் இன்றைக்கும் அதுதான் முதலுதவி.

நிரந்தரமாகத் தீர வேண்டுமென்றால், பெட்ரோல் குழாய் புகைபோக்கி மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் போகிறதா என்று பார்த்துத் தள்ளிக் கட்டுங்கள். ரேடியேட்டரை இறக்கி உள்ளே உப்புப் படிவைச் சுத்தம் செய்யுங்கள். அப்படியும் தொல்லை தீரவில்லை என்றால் டேங்க் பக்கத்தில் ஒரு சின்ன மின்சார பம்ப். முன்னால் இருந்து உறிஞ்சுவதற்குப் பதிலாகப் பின்னால் இருந்து தள்ளும்போது குழாயில் அழுத்தம் இருக்கும், ஆவி கட்டாது. பழைய பம்பைக் கழற்றிப் பத்திரமாக வைத்திருங்கள்.

இப்போது பங்கில் வருவதெல்லாம் எத்தனால் கலந்த பெட்ரோல். 1974 அம்பாசிடருக்கு ஆபத்தா? – வாசகர், மதுரை

கவனிக்காமல் விட்டால் ஆபத்துதான். 20 சதவீத எத்தனால் பழைய ரப்பரை ஊற வைத்து, வெடிப்பு விட வைத்துவிடும். பம்பின் டயாஃப்ரம் என்கிற ரப்பர் சவ்வு, பெட்ரோல் ஹோஸ் இரண்டையும் முதலில் மாற்றுங்கள். ஹோஸ் வாங்கும்போது அதன் மேல் ஜே30 ஆர்9 என்ற தரக்குறி அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். சென்னை ஜி.பி. ரோட்டில் கேட்டால் கிடைக்கும். என்ஜின் சூட்டில் ஹோஸ் கசிந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோடு மாசக்கணக்கில் நிறுத்தி வைத்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கும். பழைய படிவுகளையும் அது கரைத்துக்கொண்டு வரும் என்பதால் ஆரம்பத்தில் ஃபில்டரை அடிக்கடி மாற்றுங்கள். பெட்ரோல்-காற்றுக் கலவையும் கொஞ்சம் மெலிந்துவிடும், கார்புரேட்டரில் பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டி, பிளக் நிறம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும். வெள்ளையாக இருந்தால் மெலிவு, இளம் பழுப்பு வந்தால் சரி.

நீங்கள் கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. 2000 பிப்ரவரியில் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அந்த ஈயம்தான் எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கைக்குக் காப்பாக இருந்தது. உங்கள் 1489 சிசி என்ஜினில் வால்வுக்கு விடும் டேப்பட் இடைவெளி வைத்த கொஞ்ச நாளிலேயே குறைந்துவிடுகிறது என்றால், வால்வு இருக்கைக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். அடுத்த முறை ஹெட்டைக் கழற்றும்போது கெட்டிப்படுத்திய வால்வு சீட் போட்டுவிடுங்கள். மெதுவாக ஓட்டுகிறவர் என்றால் அவசரமில்லை.

என் 1972 அம்பாசிடர் வின்டேஜ் காரா? வின்டேஜ் கார்களுக்கான புதிய ‘வி.ஏ.’ நம்பர் வாங்கிவிடலாமா? – வாசகர், கோவை

பிரிட்டிஷ் கணக்கில் வின்டேஜ் என்றால் 1919 முதல் 1930 வரை செய்த கார். ஆனால் 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டி, மூல வடிவம் மாறாமல் இருக்கும் வண்டி வின்டேஜ். உங்கள் கார் அதில் வரும். ஆனால் அவசரப்படாதீர்கள். அந்தப் பிரிவில் பதிந்த காரை அன்றாட உபயோகத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சி, பழைய கார் ரேலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான் அனுமதி. ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம் என்றும் அதே விதி சொல்கிறது. பேரூர் கோயிலுக்கும் பேத்தியின் பள்ளிக்கூடத்துக்கும் அதில் போக நினைத்தால் இப்போதைய ஆர்சியை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு ஓட்டுங்கள். கார் ஓடிக்கொண்டிருந்தால்தான் சீல்கள் காயாது, பிரேக் இறுகாது.

உங்கள் ஊர் அவிநாசி சாலையில் ஜீ.டி. கார் மியூசியம் இருக்கிறதே, பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள்.

பழைய கார் வாங்கி வைத்தால் விலை ஏறுமா? – வாசகர், திருநெல்வேலி

ஏறினாலும் ஏறலாம். அதற்காக வாங்க வேண்டாம். விலைக்காக வாங்கிய கார்கள் உறை போட்டு ஷெட்டில் நிற்கின்றன, ஓட்ட ஆசைப்படுகிற ஒரு பையனுக்குக் கிடைக்காமல்.

எனக்கு 24 வயது. கான்டெஸா பைத்தியம். வாங்கலாமா? – வாசகர், ஈரோடு

வாங்கலாம். இங்கிலாந்தின் வாக்ஸால் விக்டரின் உருவத்தை வைத்து 1984-ல் வந்த கார். ஆரம்பத்தில் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜினையே அதில் வைத்தார்கள், அந்தப் பெரிய உடம்புக்கு அது போதவில்லை. 1817 சிசி இசுசு பெட்ரோல் என்ஜின் உள்ளதைத் தேடுங்கள். அந்த என்ஜினோடு பின்சக்கரம் தள்ளி ஓடும் கான்டெஸா சேலம் பைபாஸில் போவதைப் பார்த்தால் உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. உள்பக்க பிளாஸ்டிக்குகள் முழுசாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம்.

மாமனாரின் அம்பாசிடரை ஓட்டக் கற்றுக்கொள்கிறேன். ஸ்டீரிங்கில் கியர். முதல் கியர் போடும்போதெல்லாம் கரகரவென்று அரைக்கிறது. கணவர் “உனக்கு வராது” என்கிறார். – வாசகி, தாம்பரம்

கண்டிப்பாக வரும். அது உங்கள் கையின் குற்றமே இல்லை, சகோதரி. அந்த கியர்பாக்ஸில் இரண்டு, மூன்று, நான்குக்குத்தான் சிங்க்ரோமெஷ், அதாவது கியர் பற்கள் அரைக்காமல் சேர உதவும் அமைப்பு, உண்டு. முதல் கியருக்குக் கிடையாது. இப்போதைய கார்களில் நகர்ந்துகொண்டே முதல் கியருக்கு வந்து பழகியிருப்பீர்கள், அம்பாசிடர் அதை ஏற்காது. வண்டி முழுசாக நின்ற பிறகு, கிளட்சை அழுத்தி, மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டு முதல் கியர் போடுங்கள். அரைக்காது. அப்படியும் முரண்டு பிடித்தால், கிளட்ச் மிதித்தபடியே ஒரு தடவை இரண்டாவது கியருக்குத் தள்ளிவிட்டு அங்கிருந்து முதலுக்கு வாருங்கள்.

மேட்டில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே முதல் கியர் வேண்டுமென்றால் டபுள் கிளட்ச். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். கிளட்சை விடுங்கள். ஆக்சிலரேட்டரை ஒரு தட்டு. மறுபடி கிளட்ச், இப்போது முதல் கியர். தாளம் பிடிபட்டால் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி உட்காரும். காலையில் ஆறு மணிக்கு, டிராஃபிக் இல்லாத நேரத்தில் பழகுங்கள். வண்டி எடுத்த முதல் பத்து நிமிஷம் கியர்பாக்ஸ் ஆயில் கெட்டியாக இருக்கும், அதனால் இரண்டாவது கியரும் கொஞ்சம் இறுக்கமாகத்தான் விழும். அந்த நேரத்தில் மட்டும் அவசரப்படுத்தாமல் மெதுவாகப் போடுங்கள்.